கிராம் சாயத்தில் ஒரு குழப்பம்: படைகள் கூட உள்ள பற்றீரியாவில் ஊதா ஏன் நிற்பதில்லை?

வெள்ளவத்தை_உயிரியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம், உயிரியல் பிரிவு, இந்த வருடம் இரண்டாம் தடவை எடுக்கிறேன். போன சனிக்கிழமை ரியூசன் வகுப்பில் யோகட்டை வழுக்கியில் பூசி கிராம் சாயமிடல் செய்தோம். கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம், அயடீன், அற்ககோல், கடைசியில் சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம், எல்லாம் சொன்ன ஒழுங்கில்தான் செய்தேன். யோகட் பற்றீரியா கிராம் பொசிட்டிவ், அதனால் ஊதாவாகத் தெரிய வேண்டும். எனக்கு எல்லாமே இளஞ்சிவப்பு. பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அரைவாசி ஊதா, அரைவாசி சிவப்பு. ஏன் இப்படி வந்தது என்று கேட்பதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள், புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரையச் சொல்லி வகுப்பு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குறிப்பை விரித்துப் பார்த்தேன், குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கிராம் பொசிட்டிவில் உள்ளே முதலுருமென்சவ்வு, அதற்கு வெளியே தடித்த கலச்சுவர், அவ்வளவுதான். கிராம் நெகட்டிவில் உள்ளே ஒரு மென்சவ்வு, நடுவில் மெல்லிய சுவர், அதற்கும் வெளியே இன்னொரு மென்சவ்வு. மூன்று படை. அப்படியென்றால் சாயத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது இதுதானே? ஏன் இதிலிருந்து ஊதா கழுவிப் போகிறது?

இன்னொன்று. பென்சிலின் கலச்சுவரைத் தாக்குகிறது என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறது. மெல்லிய சுவர்தானே கெதியாக உடைய வேண்டும்? ஆனால் பென்சிலின் நன்றாக வேலை செய்வது தடித்த சுவர் உள்ளவற்றில்தான் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

அப்படியே ஒரு சந்தேகமும் கேட்கிறேன். சுற்றிவர மூடிய சுவர் என்றால் உள்ளே இருக்கும் கலம் எப்படி வளர்ந்து இரண்டாகப் பிரிகிறது? மனப்பாடம் செய்து எழுதலாம், போன தடவை அப்படித்தான் எழுதினேன். இந்தத் தடவை விளங்கி எழுத ஆசை. தெரிந்த அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

—

ஆய்வுகூடம்_பொரளை எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் வழுக்கியைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் என் வேலை. பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் 17 வருடமாகக் கிராம் சாயம் போடுகிறேன், இந்த இளஞ்சிவப்பை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

அற்ககோல் ஊற்றி எவ்வளவு நேரம் விட்டீர்கள்? பிழை வருகிற இடம் பத்துக்கு ஒன்பது தடவை அதுதான். கிராம் சாயம் என்பது 'பிடிக்கும், பிடிக்காது' என்ற பரிசோதனை இல்லை. கிறிஸ்டல் வயலட்டும் அயடீனும் போட்ட பிறகு பார்த்தால் எல்லாப் பற்றீரியாவும் ஊதாதான், பொசிட்டிவ் நெகட்டிவ் என்ற வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வருவது எது கெதியாக ஊதாவை விடுகிறது, எது ஆறுதலாக விடுகிறது என்பதில். அற்ககோலைக் கூடுதலான நேரம் ஓட விட்டால் பொசிட்டிவும் ஊதாவை விட்டுவிடும், பிறகு சஃப்ரனின் போட்டால் இளஞ்சிவப்பாகத்தான் வரும். வழுக்கியைச் சாய்த்துப் பிடித்துத் துளித்துளியாக அற்ககோல் விடுங்கள், கீழே வடிகிற துளியில் ஊதா நின்றதும் அந்தக் கணமே தண்ணீர். செக்கன் எண்ணாதீர்கள், வடிகிற துளியைப் பாருங்கள், ஏனென்றால் பூச்சு தடிப்பாக இருந்தால் ஒரு நேரம், மெல்லியதாக இருந்தால் வேறொரு நேரம்.

இரண்டாவது, யோகட் எத்தனை நாள் பழையது? கடையில் வாங்கி முடிவுத் திகதிக்குக் கிட்டப் போனதாக இருந்தால் உள்ளே பாதிக் கலங்கள் செத்துப் போயிருக்கும். செத்த கலத்தின் சுவர் கிழிந்து போகும், கிழிந்த சுவரில் ஊதா நிற்காது. பக்கத்துப் பிள்ளைக்கு அரைவாசி அரைவாசி வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாங்களும் வளர்ப்புத் தட்டில் ஒரு நாளைக்குள் வளர்ந்ததைத்தான் எடுப்போம், மூன்று நாள் பழையதில் போட்டுப் பார்த்து முடிவு எழுத மாட்டோம்.

மூன்றாவது, யோகட்டில் பால் கொழுப்பும் புரதமும் நிறைய, அதுவே இளஞ்சிவப்பாகப் பின்னால் தெரியும். ஊசி முனையளவு எடுத்து ஒரு துளி தண்ணீரில் கரைத்து, காகிதத்தில் உள்ள எழுத்து வழுக்கிக்கு ஊடாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு சுவாலைக்கு மேலால் இரண்டு மூன்று தடவை கொண்டுபோனால் போதும், வாட்ட வேண்டாம்.

இப்போது முதல் கேள்வி. நீங்கள் படைகளை எண்ணுகிறீர்கள், படை எதனால் ஆனது என்று பார்க்கவில்லை. நெகட்டிவின் வெளி மென்சவ்வு கொழுப்பு. அற்ககோல் கொழுப்பைக் கரைக்கும். ஆக, மூன்று படையில் வெளியே உள்ளது அற்ககோல் பட்டதும் ஓட்டை விழுந்து போகிறது, உள்ளே மிஞ்சுவது சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒரு வலை, அதனால் எதையும் பிடித்து வைக்க முடியாது. பொசிட்டிவில் அந்த வலை 20 முதல் 80 நனோமீற்றர் வரை தடிப்பு, படைக்கு மேல் படையாக. அற்ககோல் அதன் தண்ணீரை உறிஞ்சி எடுத்ததும் வலை சுருங்கி இறுகும், கண்கள் சிறுக்கும். அயடீன் போட்டதே இதற்காகத்தான், அது கிறிஸ்டல் வயலட்டோடு சேர்ந்து பெரிய கூட்டாகிறது, அந்தப் பெரிய கூட்டு சுருங்கிய கண்ணுக்குள்ளால் வெளியே வரக் கஷ்டப்படுகிறது.

இந்த முறையை 1884 இல் கண்டுபிடித்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் டென்மார்க்காரர், பேர்லினில் வேலை செய்யும்போது நியூமோனியாவால் செத்தவர்களின் சுவாசப்பை இழையத்தில் பற்றீரியாவைத் தெளிவாகப் பார்க்க ஒரு வழி தேடினார், அவ்வளவுதான். கலச்சுவர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதைப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வர வேண்டியிருந்தது. இது இன்னும் குறையுள்ள முறை என்று அவரே தன் கட்டுரையில் எழுதிவிட்டுத்தான் வெளியிட்டார். 140 வருடம் கழிந்தும் காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது அதைத்தான்.

—

பழைய_மாணவன் எழுதியது:

எங்களுக்குப் படிப்பித்தபோது கிராம் பொசிட்டிவில் மென்சவ்வு இல்லை, தடித்த சுவர் மட்டும்தான், நெகட்டிவில்தான் மென்சவ்வு என்று சொன்னார்கள். அதுதானே முக்கிய வித்தியாசம்?

—

தெஹிவளை_நுண்ணுயிரியல் எழுதியது:

பழைய மாணவன், அது பிழை, இந்தப் பிள்ளை பரீட்சையில் எழுதிவிடக்கூடாது என்பதற்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். முதலுருமென்சவ்வு இல்லாத பற்றீரியா கிடையாது, மென்சவ்வு இல்லாவிட்டால் அது கலமே இல்லை. பொசிட்டிவில் இல்லாதது *வெளி* மென்சவ்வு. ஒரு சொல் விடுபட்டதில் வந்த குழப்பம்.

தங்கச்சி, அண்ணா சொன்ன 'வலை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவர் என்ற பெயரே எங்களைப் பிழையான பக்கம் கொண்டுபோகிறது என்பது என் அபிப்பிராயம். சுவர் என்றதும் கல்லும் சீமெந்தும் நினைவுக்கு வருகிறது, தடித்தால் பலம், மெலிந்தால் பலவீனம், கட்டி முடித்தால் அப்படியே நிற்கும் என்று மனம் போகிறது. நீங்கள் கேட்ட மூன்று கேள்வியும் அந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன. புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் பெரிய வெங்காயம் கட்டி வருகிற சிவப்பு வலைப்பை இருக்கிறதே, அதை நினையுங்கள். அதற்குள் ஒரு பலூனை வைத்து ஊதுங்கள். பலூன்தான் மென்சவ்வு, வலைப்பைதான் கலச்சுவர். பலூனை வெடிக்காமல் பிடித்திருப்பது வலைப்பை.

ஏன் வெடிக்கப் பார்க்கிறது? பிரசாரணம். கலத்துக்குள் உப்பு, வெல்லம், அமினோ அமிலம் எல்லாம் வெளியே உள்ளதைவிடச் செறிவாக இருக்கும், தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஸ்டஃபிலோகொக்கசு போன்ற பொசிட்டிவ் கலத்தில் உள் அமுக்கம் 20 வளிமண்டலம் அளவுக்குப் போகும். கார் ரயரில் நாங்கள் அடிக்கிற காற்று இரண்டு, இரண்டரை. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமான ஒன்று இந்த அமுக்கத்தைச் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கிறது.

வலையின் பெயர் பெப்ரிடோகிளைக்கன். பெயரிலேயே இரண்டும் இருக்கிறது, கிளைக்கன் என்றால் வெல்லச் சங்கிலி, பெப்ரிட் என்றால் அமினோ அமிலத் துண்டு. சங்கிலியில் இரண்டு வெல்லங்கள் மாறி மாறி வரும், என்-அசற்றைல் குளுக்கோசமைன், என்-அசற்றைல் மியூராமிக் அமிலம். வகுப்பில் நாங்கள் நாக், நாம் என்று சுருக்கிச் சொல்வோம். இதில் 'நாம்' என்ற வெல்லம் எங்கள் உடம்பில் எங்கேயும் இல்லை, பற்றீரியாவுக்கே உரியது. ஒவ்வொரு நாமிலும் அமினோ அமிலங்களால் ஆன சின்னக் காம்பு ஒன்று தொங்கும். ஒரு சங்கிலியின் காம்பு பக்கத்துச் சங்கிலியின் காம்போடு முடிச்சுப் போடப்படும்போது வலை உருவாகிறது. ஈ. கோலை என்ற நெகட்டிவ் பற்றீரியாவில் காம்பும் காம்பும் நேராகவே சேரும், ஸ்டஃபிலோகொக்கசில் இடையில் ஐந்து கிளைசீன் கொண்ட ஒரு பாலம் இருக்கும். பொசிட்டிவ் என்றால் இந்த வலைக்குள்ளால் ரைக்கோயிக் அமில இழைகளும் ஓடும், அது நெகட்டிவில் இல்லை.

இந்த வலைப்பை முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதால் அதை ஒரே ஒரு மூலக்கூறு என்றே சொல்லலாம். 1964 இல் வைடல், பெல்ஸர் என்ற இரண்டு பேர் அதைப் பை வடிவான பெருமூலக்கூறு என்றே எழுதினார்கள். ஈ. கோலையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டாலும் வெறும் பை கோல் வடிவத்திலேயே கிடக்கும். கோல், உருண்டை என்று நாங்கள் வடிவத்தைச் சொல்வதெல்லாம் உண்மையில் இந்தப் பையின் வடிவம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதை விளங்கினால் பென்சிலின் தானாக விளங்கும். மூடிய பைக்குள் எப்படி வளர்வது? பையை வெட்டித்தான் ஆக வேண்டும். கலத்திடம் வலையை வெட்டுகிற நொதியங்களும் இருக்கின்றன, முடிச்சுப் போடுகிற நொதியங்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் கண்ணை அறுத்து, புது இழையைச் செருகி, முடிச்சுப் போட்டு, அடுத்த இடத்துக்குப் போகும். முகத்துவாரத்தில் கடற்கரையில் இருந்து வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், கிழிந்த இடத்தைச் சுற்றி அறுத்துவிட்டுத்தான் புது நூலைக் கோர்ப்பார்கள். பற்றீரியா அதே வேலையைக் கடலுக்குள்ளே மீன் நிறைந்த வலையில் செய்கிறது, ஒரு கணம் பிந்தினாலும் எல்லாம் போய்விடும். வசதியான இடத்தில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரியும், அந்த 20 நிமிடத்துக்குள் பை இரண்டு மடங்காக வேண்டும்.

முடிச்சுப் போடுகிற இடத்தில் ஓர் அழகான விசயம் இருக்கிறது. முடிச்சு போடப்படுவது மென்சவ்வுக்கு வெளியே, அங்கே கலத்துக்குச் சக்தி கொடுக்கிற ஏ.ரி.பி. கிடையாது. சக்தி எங்கிருந்து வருகிறது? புதிதாக வருகிற காம்பின் நுனியில் டி-அலனின், டி-அலனின் என்று இரண்டு சேர்ந்து இருக்கும். முடிச்சு நொதியம் கடைசி டி-அலனினைக் கழற்றி எறியும், அந்தப் பிணைப்பில் இருந்த சக்தியாலேயே புது முடிச்சு விழும். உள்ளே இருக்கும்போதே செலவுக்குக் காசைக் கட்டி அனுப்பியது போல.

பென்சிலினின் வடிவம் அந்த இரட்டை டி-அலனின் போலவே இருக்கிறது. 1965 இல் ரிப்பர், ஸ்ட்ரோமிஞ்சர் என்ற இருவரும் இதைச் சொன்னார்கள். முடிச்சு நொதியம் அதைக் காம்பு என்று நினைத்துப் பிடிக்கும், பிடித்த பிறகு விட முடியாது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். வெட்டுகிற நொதியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை வழமைபோல வெட்டிக்கொண்டே இருக்கின்றன. முடிச்சுப் போட ஆளில்லை. உள்ளே 20 வளிமண்டலம். அதாவது பென்சிலின் வந்து சுவரை உடைப்பதில்லை, கலம் தன் கையாலேயே தன் பையை அறுத்து வெடித்துப் போகிறது. வளராமல் சும்மா கிடக்கிற பற்றீரியாவைப் பென்சிலின் பெரிதாக ஒன்றும் செய்யாததும் இதனால்தான், அது வெட்டுவதும் இல்லை, கட்டுவதும் இல்லை.

ஆகவே தடிப்பு பாதுகாப்பு இல்லை. பொசிட்டிவில் வலை வெளியே திறந்து கிடக்கிறது, கண்களுக்குள்ளால் பென்சிலின் நேராக நொதியத்திடம் போய்ச் சேரும். நெகட்டிவில் வலைக்கு வெளியே அந்தக் கொழுப்பு மென்சவ்வு நிற்கிறது. அதில் போரின் என்ற புரதக் குழாய்கள் இருக்கும், சின்ன, தண்ணீரில் கரைகிற மூலக்கூறுகள்தான் அதற்குள்ளால் போகலாம், முதன்முதல் வந்த பென்சிலின் அதற்குள்ளால் போவது மிகக் கஷ்டம். போய்ச் சேர்ந்தாலும் இரண்டு மென்சவ்வுக்கும் இடையில் பென்சிலினை வெட்டுகிற நொதியம் காத்திருக்கலாம். 1961 இல் வந்த அம்பிசிலினில் ஓர் அமினோ கூட்டத்தைச் சேர்த்தார்கள், அந்த ஒரு மாற்றத்தோடு போரினுக்குள்ளால் போக முடிந்தது. வன்கோமைசின் என்ற மருந்து அதைவிடப் பெரியது, நெகட்டிவின் வாசலுக்குள்ளால் நுழையவே முடியாது.

அற்ககோலுக்கு முன்னால் கரைந்து போகிற அதே கொழுப்புப் படைதான் மருந்துக்கு முன்னால் கதவாக நிற்கிறது. இரண்டும் தலைகீழாகத் தெரிகிறது என்று கேட்டீர்களே, இரண்டுக்கும் காரணம் அந்த ஒரு படை. நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

—

கொட்டாஞ்சேனை_அம்மா எழுதியது:

நான் படித்தது சாதாரண தரம் வரைதான், ஆனால் இதை முழுக்க வாசித்தேன், வெங்காயப் பை என்று எழுதியதால் விளங்கியது. எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது பிள்ளை. போன வருடம் என் மகனுக்கு, அப்போது 9 வயது, இருமலும் காய்ச்சலும் வந்து முதலில் காட்டிய டொக்டர் அமொக்சிசிலின் தந்தார். ஐந்து நாள் குடித்தும் காய்ச்சல் விடவில்லை. இரவிரவாக இருமல், பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டே விடியும். பிறகு வேறோர் இடத்தில் காட்டி, இரத்தம் எடுத்துப் பார்த்து, இது மைக்கோபிளாஸ்மா, அதற்கு அந்த மருந்து கேட்காது என்று அசித்ரோமைசின் தந்தார்கள், இரண்டு மூன்று நாளில் பிள்ளை எழும்பிவிட்டான். ஏன் கேட்காது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. முதல் டொக்டர் பிழை விட்டாரா என்று இன்னும் மனதில் இருக்கிறது.

—

மருந்தாளர்_வத்தளை எழுதியது:

அம்மா, இதற்கு நான் சொல்கிறேன். மைக்கோபிளாஸ்மாவுக்குக் கலச்சுவரே இல்லை. வெங்காயப் பையே இல்லாத பலூன் அது. எங்கள் உடம்பு போன்ற, உப்பும் தண்ணீரும் ஒரே அளவில் இருக்கிற இடத்திலேயே வாழ்வதால் அமுக்கம் பெரிதாக இல்லை, எங்களிடமிருந்து கொலஸ்ரோலை எடுத்துத் தன் மென்சவ்வை உறுதியாக்கிக்கொள்கிறது. அமொக்சிசிலின் என்பது பென்சிலின் குடும்பம், முடிச்சு நொதியத்தைத்தான் தேடிப் போகும், தேடிப் போன இடத்தில் முடிச்சும் இல்லை வலையும் இல்லை. அசித்ரோமைசின் போகிற இடம் வேறு, பற்றீரியா புரதம் செய்கிற இறைபோசோம், அது மைக்கோபிளாஸ்மாவுக்கும் இருக்கிறது.

முதல் டொக்டர் பிழை விட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு வருகிற பற்றீரியா நியூமோனியாவில் கூடுதலாகக் காண்பது நியூமோகொக்கசு, அதற்குத் தடித்த சுவர் இருக்கிறது, அமொக்சிசிலின்தான் முதலில் கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருமல் இருமல்தான், எந்தக் கிருமி என்று முகத்தில் எழுதியிருக்காது. கேட்காதபோது திரும்பக் கொண்டுபோய்க் காட்டினீர்களே, அதுதான் சரியான வேலை. கடைக்கு வருகிற எத்தனையோ பேர் 'போன தடவை இந்த மருந்துதான் கேட்டது, அதையே தாருங்கள்' என்று பழைய பெட்டியைக் காட்டிக் கேட்கிறார்கள். போன தடவை வந்தது எது, இந்தத் தடவை வந்தது எது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தர முடியாது என்றால் கோபித்துக்கொண்டு போகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே கவலை.

நெகட்டிவின் வெளி மென்சவ்வைப் பற்றி இன்னொன்றும் சேர்க்க வேண்டும், மருந்து செய்கிற பக்கம் எல்லோரும் பயப்படுகிற பொருள் அது. அந்த மென்சவ்வின் வெளிப்பக்கம் இலிப்போபல்சக்கரைட்டால் ஆனது, அதன் அடியில் உள்ள லிப்பிட் ஏ என்ற பகுதி இரத்தத்துக்குள் போனால் காய்ச்சல், குளிர், கூடுதலாகப் போனால் இரத்த அமுக்கம் விழுந்து உயிருக்கே ஆபத்து. கிருமி உயிரோடு இருக்க வேண்டும் என்று இல்லை, செத்த கிருமியின் துண்டே போதும். சேலைன் போத்தலைக் கொதிக்க வைத்தாலும், அமுக்க நீராவியில் வைத்தாலும் கிருமி சாகும், இந்தப் பொருள் சாகாது. கண்ணாடிப் போத்தலை வெறுமையாக 250 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் உலர் வெப்பத்தில் வைத்துத்தான் இதை அழிப்பார்கள். ஊசி மருந்தில் இது இருக்கிறதா என்று பார்க்க குதிரை லாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளைப் பாவிக்கிறார்கள், இதன் ஒரு துளி அளவு இருந்தாலும் அது கட்டிபட்டுவிடும்.

—

கொட்டாஞ்சேனை_அம்மா எழுதியது:

நன்றி தம்பி. ஒரு வருடமாக மனதில் இருந்தது. மகனுக்கும் வாசித்துக் காட்டினேன், பலூனுக்குப் பையே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டான்.

—

வெள்ளவத்தை_உயிரியல் எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை வாசித்தேன், வலைப்பையைக் கீறி முடிச்சுகளையும் போட்டுப் பார்த்தேன், இப்போது ஒன்றோடொன்று சேர்கிறது. இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். காசநோய்க் கிருமி பொசிட்டிவா நெகட்டிவா? ஓரிடத்தில் பொசிட்டிவ் என்றும் இன்னோரிடத்தில் கிராம் சாயம் ஏறாது என்றும் இருக்கிறது. மற்றது, கண்ணீரில் உள்ள இலைசோசைம் கலச்சுவரை உடைக்கிறது என்று இருக்கிறதே, அதுவும் பென்சிலின் செய்வதுபோலத்தானா?

—

தெஹிவளை_நுண்ணுயிரியல் எழுதியது:

இலைசோசைம் வேறு வழி. பென்சிலின் முடிச்சுப் போட விடாது, இலைசோசைம் ஏற்கெனவே உள்ள வெல்லச் சங்கிலியையே, நாமுக்கும் நாக்குக்கும் இடையில், வெட்டும். அதனால் வளராமல் கிடக்கிற கலத்தையும் அது விடாது. கண்ணீர், எச்சில், மூக்குச் சளி, முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றிலும் இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினுக்கு முன்னரே, தடிமன் பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியிலேயே இதைக் கண்டுபிடித்து 1922 இல் எழுதினார், பென்சிலின் 1928. ஒரே ஆள் அதே வலையைத் தாக்குகிற இரண்டு பொருளைக் கண்டுபிடித்தார், வலை என்று ஒன்று இருக்கிறது என்றே அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இலைசோசைமும் நெகட்டிவிடம் அவ்வளவாகப் பலிக்காது, காரணம் இப்போது நீங்களே சொல்வீர்கள்.

காசநோய்க் கிருமிக்கும் பெப்ரிடோகிளைக்கன் இருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே இன்னொரு வெல்லப் படை, அதற்கும் வெளியே மைக்கோலிக் அமிலம் என்ற மிக நீண்ட கொழுப்பமிலங்கள், 60 முதல் 90 காபன் வரை நீளம், கிட்டத்தட்ட மெழுகு பூசியது போல. கிராம் சாயம் அந்த மெழுகுக்குள்ளால் ஒழுங்காகப் போகாது. வகைப்படுத்தலில் பொசிட்டிவ் குடும்பத்துக்குக் கிட்ட வைக்கிறார்கள், வழுக்கியில் அந்தப் பெயர் உதவாது. பரீட்சையில் அமில உறுதியுள்ளது என்று எழுதுங்கள், அதுதான் அதன் சரியான பெயர். அந்த மெழுகு உணவையும் ஆறுதலாகத்தான் உள்ளே விடும், கிருமி ஒரு தடவை பிரிய 15 முதல் 20 மணித்தியாலம் எடுக்கும். சிகிச்சை ஆறு மாதம் வரை போவதற்கு இந்த ஆறுதலான வளர்ச்சியும் ஒரு காரணம். ஐசோனியசிட் என்ற மருந்து மைக்கோலிக் அமிலம் செய்வதையும், எதாம்பியூற்றோல் இடையில் உள்ள வெல்லப் படை செய்வதையும் தடுக்கின்றன. பாருங்கள், திரும்பவும் சுவர்தான்.

—

ஆய்வுகூடம்_பொரளை எழுதியது:

அந்த மெழுகுக்குத்தான் நாங்கள் சளியை எடுத்து, காபோல் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி வரும்வரை சூடாக்கிப் போடுகிறோம். சூட்டில் மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும், ஆறியதும் இறுகிவிடும், பிறகு அமிலம் கலந்த அற்ககோலை ஊற்றினாலும் சிவப்பு வெளியே வராது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்கள். சில நாள் 100 பார்வைப் புலம் பார்த்தாலும் ஒன்றுகூட இருக்காது, சில நாள் முதல் புலத்திலேயே இருக்கும், அப்போது அந்த ஆளின் பெயரைத் திரும்ப ஒரு தடவை பார்க்காமல் எழுத மனம் வராது.

—

வெள்ளவத்தை_உயிரியல் எழுதியது:

இன்று சேரிடம் கேட்டு, வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போய்த் திரும்பச் செய்தேன். நேற்று வாங்கிய யோகட், ஊசி முனையளவு, அண்ணா சொன்னபடி வடிகிற துளியைப் பார்த்து நிறுத்தினேன். ஊதா! சங்கிலி சங்கிலியாக உருண்டைகள், இடையிடையே நீளமான கோல்கள், இரண்டும் ஊதா. உருண்டை ஸ்ட்ரெப்ரோகொக்கசு, கோல் லக்ரோபசிலசு என்று சேர் சொன்னார். பிறகு பல் இடுக்கில் சுரண்டி இன்னொரு வழுக்கி செய்தேன், அதில் ஊதாவும் சிவப்பும் கலந்து எல்லா வடிவமும் இருந்தது. சேரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார், மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். பல்லில் எடுத்ததில் சிவப்பாக இருந்ததெல்லாம் நெகட்டிவ் என்று எழுதலாமா, அல்லது செத்த பொசிட்டிவாகவும் இருக்குமா?

—

ஆய்வுகூடம்_பொரளை எழுதியது:

இரண்டும் இருக்கும், வாயில் உண்மையான நெகட்டிவும் நிறைய உண்டு. வடிவத்தைப் பாருங்கள். ஒரே சங்கிலியில் சில உருண்டை ஊதாவாகவும் சில சிவப்பாகவும் இருந்தால் அது ஒரே இனம்தான், சிவந்தவை செத்தவை அல்லது அற்ககோல் கூடப் பட்டவை. தனிக் கூட்டமாக, முழுக்கச் சிவப்பாக, ஒரே வடிவமாக இருந்தால் நெகட்டிவ் என்று எழுதலாம். சந்தேகமாக இருந்தால் உறுதியாகத் தெரிந்த ஒரு பொசிட்டிவை அதே வழுக்கியின் மற்ற மூலையில் பூசி இரண்டுக்கும் சேர்த்துச் சாயம் போடுங்கள், நாங்களும் அப்படித்தான் செய்வோம். உங்களிடம் இப்போது யோகட் இருக்கிறது, அதையே வைக்கலாம். அப்புறம், 100 மடங்கு வில்லையில் பட்ட எண்ணெயை முடிந்ததும் வில்லைத் தாளால் துடைத்துவிட்டு வாருங்கள், காய்ந்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.